வாஷிங்டன் ஒரு ஊர்ப் பேரு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தர் பத்தின கட்டுரை படிச்சேன். அவரோட அப்பாவுக்கு சின்ன வயசுல கைகொடுத்த ஒரு மாஜி ராணுவக்காரர் நினைவா வச்ச பேருன்னு சரியா எழுதியிருந்தீங்க. ஆனா அந்தப் பேரோட மூலம் அமெரிக்காவோட முதல் ஜனாதிபதின்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க, அதைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல.

ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது 1732ல. பேரு அதுக்கு 500 வருஷத்துக்கு மேலயே பழசு. வடக்கு இங்கிலாந்துல சண்டர்லேண்டுக்குப் பக்கத்துல வாஷிங்டன்ங்கிற ஊர் இன்னிக்கும் இருக்கு. 12ஆம் நூற்றாண்டு கடைசியில ஹெர்ட்பர்ன் ஊர்க்காரர் வில்லியம்னு ஒருத்தர் டர்ஹாம் பிஷப்கிட்ட தன் நிலத்தைக் கொடுத்துட்டு பதிலுக்கு இந்த ஊரை வாங்கினார், வாங்கினதும் பேரையும் மாத்திக்கிட்டு வெஸிங்டன் வில்லியம் ஆயிட்டார். அப்போ பேரு நிலத்து கூடவே போகும். பின்னாடி ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதி எழுதி வாஷிங்டன்னு நின்னுச்சு. இந்தக் குடும்பத்துல வந்த லாரன்ஸ் வாஷிங்டன்ங்கிற கம்பளி வியாபாரி, இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி கிறிஸ்தவ மடங்களை மூடி நிலத்தை வித்துட்டிருந்த நேரத்துல, 1539ல தெற்கே நார்தாம்ப்டன்ஷயர்ல சல்கிரேவ்ங்கிற இடத்தை வாங்கினார். அவரு சல்கிரேவ் லாரன்ஸ்னு மாத்திக்கல பாருங்க, அதுக்குள்ள பேரு நிலத்தை விட்டு ரத்தத்தோட ஒட்டிக்கிச்சு. அவர் வழியில வந்த ஜான்தான் 1650கள்ல வர்ஜீனியா போனவர், ஜார்ஜுக்கு கொள்ளுத்தாத்தா. குடும்பத்தோட சின்னத்துல இருந்த ரெண்டு சிவப்புப் பட்டையும் மூணு சிவப்பு நட்சத்திரமும்தான் 1938ல இருந்து வாஷிங்டன் டி.சி. நகரத்துக் கொடி.

அந்த இங்கிலாந்து வாஷிங்டன் ஊர்ல இருந்த பழைய மாளிகை 19ஆம் நூற்றாண்டுல ஏழைக் குடும்பங்கள் ரூம் ரூமா வாடகைக்கு இருந்த வீடா ஆகி, 1930கள்ல இடிக்கப் போற நிலைமை. உள்ளூர் வாத்தியார் ஒருத்தர் முன்னால நின்னு காப்பாத்தினார். அடுப்படிக்கும் பெரிய கூடத்துக்கும் நடுவுல அந்தக் காலத்து ரெண்டு கல் வளைவு இப்பவும் நிக்குது.

எனக்கு முக்கியமா பட்டது இதுக்கு மேலதான். ஜார்ஜுக்கு சொந்தப் பிள்ளைங்களே கிடையாது. 2000 அமெரிக்க சென்சஸ்ல இந்தக் குடும்பப் பேரு உள்ளவங்க 1,63,000 பேர், அதுல சுமார் 90 சதவீதம் கறுப்பின மக்கள்! அவர் பண்ணையில அடிமையா இருந்தவங்க வாரிசுங்கதான் எல்லாரும்னு நினைச்சுடக் கூடாது, விடுதலை ஆனதும் தாங்களே விரும்பி எடுத்துக்கிட்டவங்க நிறைய பேர். கறுப்பின மக்களோட கல்விக்குப் பாடுபட்ட புக்கர் டி. வாஷிங்டன் தன் வாழ்க்கை வரலாற்றுல எழுதியிருக்கார், ஸ்கூல்ல பேர் கூப்பிடும்போது மத்த பசங்களுக்கு ரெண்டு பேராவது இருக்கு, இவருக்கு புக்கர்ங்கிற ஒண்ணுதான், வாத்தியார் முழுப் பேர் கேட்டதும் பதறாம புக்கர் வாஷிங்டன்னு சொல்லிட்டார். அடிமையா பிறந்த ஒரு சின்னப் பையன் தனக்குத்தானே பேர் வச்சுக்கிட்டான், வில்லியம் நிலம் கொடுத்து வாங்கின பேரைவிட இது எனக்குப் பெருசா தெரியுது. ஹாரி வாஷிங்டனும் இருக்கார், ஜார்ஜோட மவுண்ட் வெர்னன் பண்ணையில குதிரை பார்த்துக்கிட்ட அடிமை, அமெரிக்கா பிரிட்டனை எதிர்த்த புரட்சி நேரத்துல தப்பிச்சு பிரிட்டிஷ் பக்கம் போய், 1783ல கனடாவோட நோவா ஸ்கோஷியா, 1792ல அங்கேருந்து ஆப்பிரிக்காவுல சியரா லியோன். தான் விட்டு ஓடி வந்த எஜமானோட பேர்லயே சுதந்திர மனுஷனா வாழ்ந்தார்.

அடுத்த இதழ்ல கொஞ்சம் இடம் இருந்தா அந்த ஒரு வரியைத் திருத்தி, இவங்க ரெண்டு பேரைப் பத்தியாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்