தொதொரொக்கி ஸ்டேஷன் கேட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழை விட்டதும் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

போன வாரம் போனில், "உன் ஸ்டேஷன் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது. ரயில்வே கேட்டில் 26 வருஷம் நின்றவர் கேட்ட கேள்வி. இரண்டு வரியில் சொல்ல மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஸ்டேஷன் பெயர் தொதொரொக்கி. டோக்கியோவின் தென்மேற்கில், வீடுகளும் சின்னக் கடைகளுமாக உள்ள பகுதி. ஓய்மாச்சி லைனில் 1929-ல் திறந்த ஸ்டேஷன் இது. ஒரே பிளாட்பாரம், இரு பக்கமும் தண்டவாளம். மேம்பாலம் இல்லை, சுரங்கப்பாதையும் இல்லை. தண்டவாளத்தைக் கடந்துதான் பிளாட்பாரத்துக்குப் போகணும். அதற்கு ஒரு குட்டி கேட். லாரி, மாட்டுவண்டி எதுவும் வராது, நடக்கிறவர்களுக்கு மட்டும்.

கேட்கீப்பர் கிடையாது அப்பா. மணி அடிக்கும், சிவப்பு விளக்கு மின்னும், கட்டை தானாக இறங்கும். எல்லோரும் நின்றுவிடுவார்கள். தாங்கள் ஏற வேண்டிய வண்டியே எதிரில் வந்து நின்றாலும் குனிந்து நுழைவதில்லை. வந்த புதிதில் என் வண்டி என் கண் முன்னால் கிளம்பிப் போனது. பக்கத்தில் முதுகுப்பை மாட்டிய பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சும்மா நின்றுகொண்டிருந்தான். குனிந்து நுழைகிறவர்களோடு கத்திக் கத்தி, தொண்டை கட்டிப்போய் நீங்கள் வீட்டுக்கு வருவீர்களே, அம்மா சுக்குக் கஷாயம் வைப்பாளே, அதுதான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து ஐந்து நிமிஷம் முன்னாடியே கிளம்பிவிடுகிறேன்.

எல்லா இடத்திலும் இப்படிப் பொறுமை என்று சொல்ல மாட்டேன். நெரிசலான ஒரு மணி நேரத்தில் 40 நிமிஷத்துக்கு மேல் மூடிக் கிடக்கும் கேட்டுகளும் இந்த நாட்டில் இருக்கின்றன. 'திறக்காத கேட்' என்றே அவற்றுக்குப் பெயர். அங்கே ஆட்கள் அவசரப்படத்தான் செய்கிறார்கள்.

கேட் ஓரத்தில் ஆபத்துப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். யாராவது தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டால், பார்க்கிறவர் யாராயிருந்தாலும் அழுத்தலாம், டிரைவருக்கு எச்சரிக்கை போய்விடும். நீங்கள் சிவப்புக் கொடியோடு தண்டவாளத்தில் ஓடி, சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் பட்டாசு வைத்து வண்டியை நிறுத்திய வேலை அது. அன்றைக்கு உங்கள் கால் முழுக்க ஜல்லி கிழித்திருந்தது.

டிரைவர்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். வெள்ளைக் கையுறை போட்ட விரலை சிக்னலை நோக்கி நீட்டி, அது காட்டுவதை வாய்விட்டுச் சொல்கிறார்கள். தனியாக இருந்தாலும் அப்படித்தான். கண், கை, வாய் மூன்றும் சேர்ந்தால் தவறு குறையும் என்பதை 1994-ல் இங்குள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் சோதித்தே பார்த்திருக்கிறது. வண்டி வரும் தகவலை உறுதிப்படுத்த ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கொடுக்கும் ரகசிய எண்ணை, அந்த பிரைவேட் நம்பரை, நீங்கள் உரக்கத் திருப்பிச் சொல்லித்தான் நோட்டில் எழுதுவீர்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்போம். அப்பா, அது எவ்வளவு பெரிய வேலை என்று இப்போதுதான் புரிகிறது.

ஐந்து பெட்டி லோக்கல் மட்டும்தான் எங்களுக்கு நிற்கும். 2008-ல் தொடங்கிய எக்ஸ்பிரஸ், ஏழு பெட்டியோடு நிற்காமல் போய்விடும். அப்போது மணிச்சத்தம் கொஞ்சம் நீண்டு கேட்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

ஸ்டேஷனிலிருந்து மூன்று நிமிஷம் நடந்தால் ஒரு சிவப்புப் பாலம். கீழே மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு, அதில் ஓர் ஓடை. டோக்கியோவின் 23 வட்டாரங்களில் உள்ள ஒரே பள்ளத்தாக்கு இதுதான். அங்கே உள்ள அருவி இரைகிற சத்தத்தில்தான் ஊருக்கே பெயர் வந்ததாம். ஸ்டேஷனைத் தரைக்குக் கீழே கொண்டுபோக ஒரு திட்டம் இருந்ததாம். பள்ளத்தாக்கின் ஊற்று வற்றிவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்களாம். அதனால்தானோ என்னவோ, எங்கள் குட்டி கேட் இன்னும் இருக்கிறது.

வசந்த காலத்தில் நீங்களும் அம்மாவும் வாருங்கள். பாஸ்போர்ட் வேலையைத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு காலை முழுக்க அந்த கேட் பக்கத்தில் உங்களோடு நிற்கணும் எனக்கு.

அப்புறம், அந்தப் பழைய பச்சைக் கொடி பரணில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்