முதலில் திடலின் பூட்டைத் திறக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில், சென்னைக்குள் பெரிய விளையாட்டரங்கம் கட்ட இடமில்லையே என்று அங்கலாய்த்த கட்டுரையைப் படித்தேன். ‘கிண்டியில் சும்மா கிடக்கும் முள்ளுக்காட்டில் ஒரு மூலையைக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று போகிற போக்கில் ஒரு வரி. சர்தார் படேல் சாலை சிக்னலில், கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

1978 முதல் அது தேசியப் பூங்கா, ஐயா. மொத்தமே சுமார் 270 ஹெக்டேர்தான். எல்லையில் கை வைக்க தேசிய வனவிலங்கு வாரியம் பரிந்துரைக்க வேண்டும், உச்ச நீதிமன்றப் படியும் ஏற வேண்டும். உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள்?

மூலை மூலையாகத்தானே இவ்வளவும் போனது! ஒரு காலத்தில் 500 ஹெக்டேர் இருந்த காடு. காந்தி மண்டபத்துக்கு ஒரு மூலை, ஐஐடிக்கு ஒரு பெரிய மூலை, பிறகு தலைவர்களின் நினைவிடங்களுக்கு ஆளுக்கொரு மூலை. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் சொன்னார்கள். நுங்கம்பாக்கம் ஏரியில் வள்ளுவர் கோட்டம் எழுப்பியபோதும் காரணத்துக்கா பஞ்சம்? பள்ளிக்கரணைச் சதுப்பில் பல வருடம் குப்பையைக் கொட்டிவிட்டு, மிச்சத்துக்கு 2022-ல் ‘ராம்சர்’ என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்ததும் மார்தட்டிக்கொண்டோம். நாங்கள் வேளச்சேரிக்காரர்கள். 2015 டிசம்பரில் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்கள். மண்ணை மூடினால் தண்ணீர் எங்கே வரும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. அந்தக் கிண்டிக் காட்டுக்குள் மைதானம் ஏற்கெனவே இருக்கிறது. போலோ மைதானம் என்றுதான் இன்றும் பெயர். இப்போது அங்கே வெளிமான்கள் மேய்கின்றன. புள்ளிமான் மாதிரி புதருக்குள் ஒண்டிக்கொள்ளும் சாதியல்ல வெளிமான். அதற்கு வெட்டவெளிப் புல்தரை வேண்டும். வரைபடத்தை விரித்து ‘இங்கேதான் மரமே இல்லையே’ என்று யாராவது விரல் வைத்தால், அது சரியாக அதன் வீட்டில்தான் விழும். சுற்றியுள்ள காரையும் களாவும் காட்டெலுமிச்சையும் உங்கள் கட்டுரையாளருக்கு முள். ஒன்றுக்குப் பத்தாக மரக்கன்று நட்டு ஈடுகட்டலாம் என்றும் யோசனை சொல்கிறார். எங்கள் பகுதியில் அப்படி நட்ட கன்றுகளில் இரும்புக் கூண்டுகள் மட்டும் நன்றாக நிற்கின்றன.

(பக்கத்திலிருக்கும் குதிரைப் பந்தய நிலம் 160 ஏக்கர், 2024-ல் அரசு கைக்கு வந்தது. குளமும் பூங்காவும் வரும் என்கிறார்கள். தயவுசெய்து அதையும் அரங்கத்துக்குக் கேட்டுவிடாதீர்கள்.)

அரங்கமே இல்லாத ஊரா இது? பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கம் இருக்கிறது. பந்தயம் இல்லாத நாளில் சினிமாப் பாட்டு வெளியீட்டு விழாவும் அங்கே ஜோராக நடக்கிறது. தெருப் பிள்ளைகள் எங்கே ஆடுவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு திடல் இருக்கிறது. வாசலில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே யாரோ போட்டுவைத்த பந்தல் கால்கள், சக்கரம் கழன்ற குப்பை வண்டி, மூலையில் மணல் குவியல். பையன்கள் முதலில் செருப்பை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசுகிறார்கள், பிறகு மட்டையைக் கம்பி இடுக்கில் நுழைக்கிறார்கள், கடைசியாகத் தாங்கள் ஏறிக் குதிக்கிறார்கள். என் பேரனுக்கு முழங்காலில் தையல் போட்டது இந்த மதிலால்தான். பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். ‘சாவி யாரிடம் என்று விசாரிக்கிறோம்மா’ என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே பதில், அதே சிரிப்பு. சாவியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் காட்டுக்குள் அரங்கம் கட்டிப் பராமரிப்பார்களாம். நாங்கள் நம்ப வேண்டுமாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நகரில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் விளையாட்டுத் திடல்களைப் பற்றி உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பத்திரிகையில் வந்தாலாவது மாலை நான்கு மணிக்குத் திறந்து ஏழு மணிக்குப் பூட்ட ஓர் ஆளைப் போடுவார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
வேளச்சேரி.