தொகுப்பு நூலில் எழுதிய எல்லார் பெயரும் பட்டியலில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிகளிலும் சமூக அமைப்புகளிலும் தமிழ் நூல்களுக்குப் பட்டியல் தயாரித்து, இன்னும் ஏஏசிஆர்2 (AACR2) என்னும் பழைய நூற்பட்டியல் விதிகளைப் பின்பற்றி வருவோருக்காக இதை எழுதுகிறோம். அதற்கு மாற்றாக 2010-இல் வந்த ஆர்டிஏ (RDA) விதிகளை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013 மார்ச் 31 முதல் கடைப்பிடிக்கிறது.

வெளியில் தெரியும் மாற்றங்கள் எளியவை. பக்கம், படம் போன்ற சொற்களைச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும். நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் கணினிக்கு ஏற்றபடி எழுதும் மார்க் 21 (MARC 21) பதிவில், உள்ளடக்கம், ஊடகம், தாங்கி ஆகியவற்றின் வகையைச் சொல்லும் 336, 337, 338 ஆகிய புலங்கள் புதிதாகச் சேரும். வெளியீட்டு விவரம் 260-ஐ விட்டு 264-க்குப் போகும். அதில் புல எண்ணை அடுத்து வரும் இரு குறியெண்களில் இரண்டாவது 1 என்றால் பதிப்பகம், 3 என்றால் அச்சகம். நம் நூல்கள் சிலவற்றில் அச்சகத்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும்; அதைப் பதிப்பகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழுக்கு முக்கியமான மாற்றம் வேறொன்று. ஏஏசிஆர்2-இல் மூவர் விதி இருந்தது. நான்கு பேர் சேர்ந்து எழுதினால் முதல் பெயர் மட்டும் நிற்கும், மற்றவர்கள் ‘பிறர்’ ஆகிவிடுவார்கள். ஆர்டிஏ அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஆனால் எல்லாரையும் சேர்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை. தொகுப்பு நூலில் முதல் படைப்பைக் காட்டினாலே குறைந்தபட்சத் தேவை நிறைவேறிவிடும். அவசரத்தில் அதோடு நிறுத்திவிட்டால் பழைய இழப்பே தொடரும். ஒரே ஒரு தொகுப்பில் மட்டும் கதை வெளிவந்த எழுத்தாளரைப் பிறகு எந்தத் தேடலிலும் பிடிக்க முடியாது.

பன்னிரண்டு கதைகள் கொண்ட தொகுப்பென்றால் 245-இல் தலைப்பு, 505-இல் பொருளடக்கம், தொகுப்பாசிரியருக்கு ஒரு 700. அதன்பின் கதைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு 700: இரண்டாவது குறியெண் 2, ‘ஏ’ (a) உட்புலத்தில் எழுத்தாளர், ‘டி’ (t) உட்புலத்தில் கதைத் தலைப்பு. 505 மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. அங்கே பெயர் வெறும் எழுத்தாகத்தான் கிடக்கும். அதே எழுத்தாளரின் மற்ற நூல்களோடு இணையாது. முன்னெழுத்தை ஒரு நூலில் தமிழிலும் இன்னொன்றில் ஆங்கில ஒலியிலும் போடுபவர்கள் நம்மிடையே உண்டு. ஒவ்வொரு எழுத்தாளருக்கும் தனியாக வைக்கும் பெயர் ஆவணத்தில் ஒரு வடிவத்தை நிலைநிறுத்தி, மற்றவற்றை அதன் 400 புலத்தில் சேர்த்தால்தான் எல்லாம் ஓரிடத்தில் கூடும்.

ரோமன் எழுத்துப் பதிவோடு 880 புலத்தில் தமிழ் வடிவமும் வேண்டும். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன. ‘கௌரி’ என்பதைக் ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று தட்டி ‘கெளரி’ ஆக்கிவிடுவார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். காலுக்குப் பதில் ரகரம் இட்டாலும் இதே கதிதான். பழைய எழுத்துருக் கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டினால் யூனிகோடில் வெறும் குப்பையாக விழும். சேமித்த பதிவை அப்போதே தமிழில் தட்டித் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆர்டிஏ முறையில் தலைப்புப் பக்கத்தில் உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும். தலைப்பில் அச்சுப்பிழை இருந்தால் அதுவும் 245-இல் ஏறும், திருத்திய வடிவம் 246-க்குப் போகும். தேசிய நூலக வாரியத்திடம் நான்கு வாரத்துக்குள் இரு பிரதிகள் ஒப்படைக்கும் நூல்களில், பொருளடக்கப் பக்கத்திலேயே ஒவ்வொரு படைப்புக்கும் எதிரே எழுதியவரின் பெயரை முழுதாக அச்சிடுங்கள்.

தமிழ் நூற்பட்டியலாளர்கள் சிலர்,
சிங்கப்பூர்