ஒரு வாக்கும் பத்தாண்டுக் கணக்கும்

அன்புள்ள நண்பர் சுந்தரேசனுக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து நீங்கள் மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதை அறிந்து மனம் நிம்மதியடைந்தது. இங்கு எல்லோரும் நலம். அமெரிக்க செனட்டராக இருந்த ஜோ மான்சின் தனியொருவராக நின்று ஏழைக் குழந்தைகளின் வாயிலிருந்து உணவைப் பறித்தார் என்று எழுதியிருந்தீர்கள். அதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

2021இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் இரு தரப்புக்கும் ஐம்பது, ஐம்பது பேர். துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கைச் சேர்த்தால்தான் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை. ஆகவே அக்கட்சியில் ஒருவர் விலகினாலும் அதிபர் பைடனின் நலத்திட்ட மசோதா விழுந்துவிடும். அக்கட்சியைச் சேர்ந்த மான்சினோ முந்தைய ஆண்டில் டிரம்ப் மிகப் பெரிய வித்தியாசத்தில் வென்ற நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்தவர். கட்சி 3.5 லட்சம் கோடி டாலர் செலவிடத் திட்டமிட்டிருந்தது. தம் உச்சவரம்பு 1.5 லட்சம் கோடி என்று ஜூலையிலேயே எழுதி, செனட்டில் கட்சித் தலைவரான சக் ஷூமரிடமும் கையொப்பம் வாங்கி வைத்திருந்தார் மான்சின். அந்தத் தாள் வெளியுலகுக்குத் தெரிய செப்டம்பர் இறுதி ஆயிற்று.

தணிக்கையில் காலம் கழித்த நாம் இருவரும் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததைத்தான். தொகையைக் குறைக்க வேண்டிய நிலையில் கட்சியினர் பெரும்பாலான திட்டங்களைக் கைவிடாமல் அவற்றின் ஆயுளை வெட்டினார்கள். நவம்பரில் கீழவையான பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வடிவில் குழந்தைகளுக்கான வரிச்சலுகைக்கு ஓராண்டும், மழலையர் கல்விக்கு ஆறாண்டும் மட்டுமே இருந்தன. வருவாயோ பத்தாண்டுக்கும் கணக்கிடப்பட்டிருந்தது. தொடங்கிய சலுகையை எந்த அரசும் நிறுத்தத் துணியாது என்பதே அவர்களுடைய நம்பிக்கை. இதைக் கணக்கு வித்தை என்று மான்சின் சாடியபோது அவர் சொன்னது சரி என்றே நான் நினைத்தேன். எல்லாத் திட்டங்களும் நீடித்தால் பத்தாண்டில் பற்றாக்குறை சுமார் 3 லட்சம் கோடி டாலர் கூடும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே டிசம்பரில் மதிப்பிட்டது. நம் மேசைக்கு அப்படியொரு மதிப்பீடு வந்திருந்தால் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியிருப்போம் அல்லவா?

ஆனால் எதை வெட்டுவது என்பதில் அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. மழலையர் கல்வியைப் பத்தாண்டுக்கும் வைத்து, வரிச்சலுகையை அறவே நீக்கி, சுமார் 1.8 லட்சம் கோடிக்கு அவர் ஒரு திட்டத்தை முன்வைத்ததாகச் செய்திகள் வந்தன. டிசம்பர் 19 அன்று தொலைக்காட்சியில் தோன்றி, மசோதாவுக்கு வாக்களிக்க இயலாது என்று அறிவித்துவிட்டார். அந்த வரிச்சலுகையின் பேரில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 300 டாலர் வரை வந்துகொண்டிருந்த உதவி அந்த மாதத்தோடு நின்றது. 2021இல் 5.2 விழுக்காடாக இருந்த குழந்தை வறுமை, அரசு உதவிகளையும் வருமானத்தில் சேர்த்துக் கணக்கிடும் துணை அளவீட்டின்படி, மறு ஆண்டில் 12.4 ஆக உயர்ந்தது. பெருந்தொற்றுக்கால உதவிகள் பிறவும் முடிந்திருந்தன என்றாலும், இந்த உதவி நின்றது பெரிய காரணம். மேற்கு வர்ஜீனியா நாட்டின் மிக ஏழை மாநிலங்களுள் ஒன்று என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வலிக்கிறது.

2022 ஜூலையில் ஷூமரும் மான்சினும் மீண்டும் பேசி, பணவீக்கக் குறைப்புச் சட்டத்துக்கு உடன்பட்டார்கள். எரிசக்திக்கும் பருவநிலைக்கும் சுமார் 36,900 கோடி டாலர், மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள முதியோருக்கு மாதம் 35 டாலருக்கு இன்சுலின், பெருநிறுவனங்களுக்குக் குறைந்தது 15 விழுக்காடு வரி என அமைந்த அந்தச் சட்டம், செனட்டில் 51-50 என்று ஒரே வாக்கில் தேறியது. குழந்தைகளுக்கான உதவி மட்டும் அதில் இல்லை.

அந்த 1.8 லட்சம் கோடியை டிசம்பரிலேயே ஏற்று, வரிச்சலுகைக்குத் தனியாகப் போராடியிருக்கலாம் என்பது என் எண்ணம். நீங்கள் மறுப்பீர்கள் என்று தெரியும். என்ன காரணத்தால் என்பதை விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
வேங்கடராமன்