கோட்டை வாசலில் கட்டியக்காரன்

பெர்த், ஸ்காட்லாந்து
நவம்பர் 14

அன்புள்ள நைனாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? கூத்தில் விடிய விடிய நின்று பின்பாட்டு பாடுவதை இந்த வருஷமாவது குறைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் விதை கேட்டிருந்தேன், நினைவுபடுத்துங்கள்.

இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நைட் டியூட்டிக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. வழியில் டே ஆறு. பிரிட்டனிலேயே அதிகத் தண்ணீர் கொண்டுபோகிற ஆறு இதுதான். 2021இல் நம் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினீர்களே, அந்தச் சத்தம் எனக்கு இங்கே தினமும் கேட்கிறது.

போனில் சொன்னால் பாதியில் அறுந்துபோகும் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் பேத்திக்கு இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம். கதை இந்த ஸ்காட்லாந்தில்தான் நடக்கிறது. மேக்பெத் ஒரு படைத்தலைவன். போரில் ஜெயித்துத் திரும்புகிறவனிடம் மூன்று சூனியக்காரிகள் ‘நீ ராஜாவாவாய்’ என்கிறார்கள். தன் கோட்டைக்கே விருந்தாளியாக வந்த டங்கன் ராஜாவை, பெண்டாட்டி தூண்டிவிட, தூக்கத்திலேயே குத்திக் கொல்கிறான். அப்புறம் நாற்காலியைக் காப்பாற்றக் கொலைமேல் கொலை. நிஜ மேக்பெத் 1040 முதல் 1057 வரை ஆண்டவன். டங்கன் செத்தது படுக்கையில் இல்லை, போரில். கூத்து வாத்தியார் பாரதத்தை வளைப்பதுபோல ஷேக்ஸ்பியர் வரலாற்றை வளைத்திருக்கிறார்.

போன வாரம் பாப்பா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “ராஜாவைக் கொன்ன உடனே எதுக்கும்மா ஒரு குடிகாரன் வந்து ஜோக் அடிக்கிறான்?” அவள் நோட்டில் ‘காமிக் ரிலீஃப்’ என்று எழுதியிருந்தது. பயந்திருக்கும் ஜனங்கள் கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொள்ள என்று அர்த்தம் சொன்னாள். அந்தக் காட்சியைப் படித்தேன். உள்ளே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் கையிலும் ரத்தம். வெளியே கதவை யாரோ தட்டுகிறார்கள். வாயிற்காவலன் போதை தெளியாமல் வருகிறான். தன்னை நரகத்தின் வாசல் காக்கிறவனாகப் பாவித்துக்கொண்டு, “யாரு? உள்ள வா” என்று விவசாயி ஒருவனையும் தையல்காரன் ஒருவனையும் கற்பனையாக வரவேற்கிறான். நிஜமாகத் தட்டுகிறவர்கள் வெளியே காத்துக் கிடக்கிறார்கள்.

படித்ததும் “இது நைனா வேஷம்டி!” என்று கத்திவிட்டேன்.

நினைவிருக்கிறதா? திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் அபிமன்யு வதம். எனக்குப் பத்து வயது. அபிமன்யு வேஷக்காரர் திரைக்குப் பின்னால் கிரீடம் கட்டிக்கொண்டிருக்க, நீங்கள் கோமாளிக் கட்டியக்காரனாக ஆடி, மோர் விற்க வந்த ஆயாவிடம் வம்பளந்து, ஊரையே விழுந்து விழுந்து சிரிக்க வைத்தீர்கள். எனக்கு ஆத்திரம். விடிந்ததும், நீங்கள் எண்ணெய் தொட்டு அரிதாரம் கலைக்கும்போது, “சாவப்போற புள்ளய வெச்சிக்கினு எதுக்கு சிரிக்க வெச்ச?” என்று கேட்டேன். “சிரிச்ச வாய் மூடறதுக்குள்ள அடி விழணும். அப்பதான் நெஞ்சுல போய் தைக்கும்” என்றீர்கள். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

இப்போது பாப்பாவுக்கு அதையே சொன்னேன். மூச்சுவிட்டுக்கொள்ள மட்டும் இல்லை அந்தச் சிரிப்பு. காவலன் தன் கோட்டையை நரகம் என்கிறான். அது நிஜமாகவே நரகமாகிவிட்டது என்று அவனுக்குத் தெரியாது, பார்க்கிற நமக்குத் தெரியும். இதற்கு ‘டிராமாட்டிக் ஐரனி’ என்று பேர் என்றாள். பேர் என்னவாக இருந்தாலும், சபைக்குத் தெரிந்தது வேஷக்காரனுக்குத் தெரியாமல் இருக்கும்போது உண்டாகிற அந்தத் தவிப்பை நான் உங்கள் கூத்தில்தான் முதலில் அனுபவித்தேன்.

இன்னொன்றும் கண்டேன். நம் கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் விருத்தம் பாடி வருவார், கட்டியக்காரன் வரும்போது ஒரு பாட்டுப் பாடினாலும் பெரும்பாலும் வசனம்தான் பேசுவான். இதிலும் ராஜா ராணி பேசுவது பெரும்பாலும் செய்யுள், காவலன் பேசுவது உரைநடை. ஆனால் கடைசியில், ராணி தூக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத ரத்தத்தைக் கையிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற காட்சியில், அவளும் உரைநடையில்தான் பேசுகிறாள். செய்யுள் அவளை விட்டுப் போய்விட்டது. கிரீடம் கழன்று விழுந்ததுபோல இருந்தது எனக்கு.

நைனா, அந்த இடத்தில்தான் நான் அழுதேன். ராணியை மறைவில் நின்று பார்ப்பது ஒரு டாக்டரும் ஒரு பணிப்பெண்ணும். இரண்டு ராத்திரி கண்விழித்துக் காத்திருந்தார்கள், மூன்றாவது ராத்திரி பார்க்கிறார்கள். டாக்டர், இவளுக்கு வைத்தியனைவிடச் சாமியார்தான் வேண்டும் என்கிறார். பிரசவ வார்டில் ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை கை கழுவுகிறேன்! சோப்பு போட்டால் ரத்தம் போய்விடுகிறது. அவளுக்குப் போகவில்லை. பாரதக் கூத்து முடிகிற படுகளத்தன்று துரியோதனன் ரத்தம் தொட்டுக் கூந்தல் முடிகிற திரௌபதியை நினைத்தேன். அங்கே ரத்தம் சபதத்தை முடித்துவைக்கிறது, இங்கே அது முடியவே மாட்டேன் என்கிறது.

சூனியக்காரிகள் காட்டிய ஆவிகள் மேக்பெத்துக்குச் சொல்லும் வாக்கு இரணியன் வாங்கிய வரம் மாதிரியே. ஒரு தாய் பெற்றெடுத்த எவனாலும் உனக்குச் சாவில்லை, பிர்னம் காடு கிளம்பி வந்தாலொழியத் தோல்வியில்லை. அந்தக் காட்டின் கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்டு எதிரிப் படை நடந்து வருகிறது. மேக்பெத்தைக் கொல்கிற மக்டஃப், தாய் வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. வாரத்துக்கு எத்தனையோ சிசேரியன் பார்க்கிற எனக்கு அந்த வரியில் உடம்பு சிலிர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி பிர்னம் போனோம், அரை மணிகூட ஆகவில்லை. அந்தக் காட்டில் மிஞ்சியது என்று சொல்கிற பழைய ஓக் மரம் ஒன்று ஆற்றோரம் நிற்கிறது. அடிமரம் பொந்து. கீழ்க்கிளைகளுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பாப்பா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கட்டியக்காரனாகச் சபைக்குள் வரும்போது பாடுகிற முதல் பாட்டையும் அதற்குப் பிறகு வருகிற பேச்சையும் தம்பியைப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாப்பா வகுப்பில் போட்டுக் காட்டப் போகிறாள், அவள் டீச்சரும் கேட்டிருக்கிறார். மிருதங்கம், ஆர்மோனியம் எதுவும் வேண்டாம். அரிதாரமும் வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்தபடியே பாடுங்கள், முட்டிக்கு நல்லது.

இப்படிக்கு,
உங்கள் மகள்