மலைக்காக நடந்தவர்களுக்கு

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியிலிருந்து எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் மலைகளையும் சுற்றுப்பட்டு ஊர்களையும் சேர்த்து மத்திய அரசு விட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்து என்ற செய்தி 2025 ஜனவரி 23 அன்று வந்ததும் ஊரே வெடி போட்டது. அந்தச் சந்தோஷத்தில் பலருக்கு நன்றி சொல்ல விட்டுப்போனது. அதற்குத்தான் இந்த மடல்.

2024 டிசம்பர் 9 அன்று சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றிய சட்டமன்றத்துக்கும், டெல்லி வரை போய் மத்திய அமைச்சரைப் பார்த்துப் பேசிய எங்கள் ஊர்ப் பெரியவர்களான அம்பலகாரர்களுக்கும் நன்றி. அவர்களுக்கு மாலை மரியாதை எல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்டதால் இங்கே சுருக்கிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது, சுரங்கம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் கேமராவும் நோட்டுமாக எங்கள் மலைகளில் ஏறி இறங்கியவர்களை. ‘வெயிலில் பருந்தை எண்ணிக்கொண்டு திரிகிறார்களே’ என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். லகுடு வல்லூறு, தேவாங்கு, எறும்புத்தின்னி என்று நீங்கள் குறித்து வைத்ததும், சமணர் படுக்கையையும் பழந்தமிழ் எழுத்தான தமிழியில் உள்ள கல்வெட்டையும் ஊராருக்குப் படித்துச் சொன்னதும் வீண்போகவில்லை. 2022இல் இங்கே 193 ஹெக்டேர் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது அதனால்தான். ஏலம் போன செய்தி வந்தபோது எங்கள் கையில் காட்ட ஒரு காகிதம் இருந்தது.

நடுவில், அந்த 193 ஹெக்டேரை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் தோண்டலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஏலம் விட்ட இடம் மொத்தம் 2,000 ஹெக்டேருக்கு மேல். எங்கள் ஊர் தப்பித்தால் போதும் என்று இருந்திருக்கலாம்தான். ஆனால் சுனையில் ஊறி, ஓடையில் இறங்கி, கண்மாய்க்குக் கண்மாய் மறுகால் பாயும் தண்ணீர் சர்வே கல்லைப் பார்த்தா ஓடுகிறது? நாயக்கர்பட்டி, கிடாரிப்பட்டி, வல்லாளபட்டி, தெற்குத்தெரு என எல்லா ஊரும் ஒரே பேச்சில் நின்றது. நின்றவர்களுக்குக் கும்பிடு.

அப்புறம் ஜனவரி 7. சுரங்கம் வேண்டாம் என்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு எல்லோரும் நடந்த அன்று மேலூரில் கடைகளை அடைத்த வியாபாரிகளுக்கும், பெரியாறு பாசன விவசாயிகளுக்கும், தங்கள் ஊரில் ஒரு குழியும் விழப்போவதில்லை என்று தெரிந்தும் கூடவே நடந்த மதுரைக்காரர்களுக்கும் நன்றி. என் அம்மாவுக்கு எழுபது வயது. பாதி வழியில் செருப்பு அறுந்துபோனது. ‘திரும்பிடலாம்மா’ என்றேன். ‘நீ வேணா போ’ என்று வெறுங்காலோடு நடந்தார்.

ஒத்தக்கடை பக்கம் ஒரு அக்கா வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு, தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். மோர் மிச்சமிருந்த தூக்குவாளியையும் ‘வழியில் குடிங்க’ என்று கையில் திணித்தார். கூட்டம் தள்ளியதில் பேர்கூடக் கேட்கவில்லை. அக்கா, செருப்பை அம்மா தேய்த்துவிட்டார். தூக்குவாளி பத்திரமாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு கிளம்பி வந்து, சாப்பிட்டுவிட்டு வாங்கிப் போங்கள்.