ஓசோன் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, புட்டியில் ஓசோன் கலந்த ஆக்சிஜனோடு சேர்த்து மெல்லக் குலுக்குகிறீர்கள். கருஞ்சிவப்பாக இருந்த ரத்தம் கண்ணெதிரே பளிச்சென்று சிவக்கிறது. அதைத் திரும்ப உடலில் ஏற்றினால் தொற்றுநோய் குணமாகும் என்கிறீர்கள். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நம்பிக்கை பிறக்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்தக் கலவையில் 95 விழுக்காட்டுக்கு மேல் வெறும் ஆக்சிஜன்தான். நிறத்தை மாற்றுவதும் அதுதான். அதே வேலையை நுரையீரல் கட்டணமின்றிச் செய்துவருகிறது.

ஓசோன் கிருமியைக் கொல்லும் என்பதை நான் மறுக்கவில்லை. பிரான்சின் நீஸ் நகரில் 1906-லேயே குடிநீரை அதைக் கொண்டு சுத்திகரித்தார்கள். ரத்தம் குடிநீர் அல்லவே! ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைத் தொட்டவுடனேயே யூரிக் அமிலமும் வைட்டமின் சி-யும் கொழுப்புகளும் ஓசோனைத் தீர்த்துக்கட்டிவிடுகின்றன. கல்லீரலிலோ எலும்பிலோ பதுங்கியிருக்கும் கிருமிவரை போய்ச்சேர மிச்சம் ஏது?

“நேரடியாகக் கொல்வதில்லை, நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டுகிறது” என்பார்கள் உங்களில் விவரம் தெரிந்தவர்கள். இருக்கலாம். அப்படியானால் சோதித்துக் காட்டுங்கள். ஒரு குழுவுக்கு ஓசோன், மற்றதற்கு வெறும் ஆக்சிஜன். இரண்டிலும் ரத்தம் ஒரே மாதிரி சிவக்கும், யாருக்கு எது என்று நோயாளியால் கண்டுபிடிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க இவ்வளவு வசதியான போலிச் சிகிச்சை வேறு எந்தத் துறைக்கு வாய்க்கும்? 1991-இல் ஆய்வகத்தில் ஓசோன் எச்.ஐ.வி.யைச் செயலிழக்கச் செய்தது. அதே ஆண்டு வெளியான கனடா ஆய்வில், ஓசோன் ஏற்றிய ரத்தம் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பலன் தரவில்லை. இவற்றில் எது மேற்கோள் காட்டப்படும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மேற்புண்களுக்குப் பயன்படுத்துவதையாவது ஓரளவு புரிந்துகொள்ளலாம். அங்கேயும் நிலைமை திருப்தியாக இல்லை: சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றிய 2015-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) திறனாய்வுக்குக் கிடைத்தவை 3 ஆய்வுகள், 212 பேர். உறுதியான முடிவு கிட்டவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். தொற்றுநோயை இது குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதை ஒப்புதல் படிவத்தின் முதல் வரியாக, நோயாளியின் மொழியில் அச்சிடுங்கள். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்காமல் தொடங்காதீர்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு. வாயுவை நேரடியாக ரத்தக் குழாயில் ஏற்றுவதை அடியோடு நிறுத்துங்கள்; குமிழி அடைத்தால் உயிரே போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காசநோய்க்கோ எச்.ஐ.வி.க்கோ மருந்து எடுத்துக்கொண்டிருப்பவரிடம், “இனி அது வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் உறவினர்